சத்தம் போடாத எஸ்

வா தாயி. செருப்பை அங்கிட்டு விட்டுட்டுத் திண்ணையில ஒக்காரு. மொதல்ல அந்தச் செம்புத் தண்ணியைக் குடி. நீ "தாத்தா"ன்னு கூப்பிட்டது தகரத்தைத் தரையில இழுத்த மாதிரிக் கேட்டுச்சு. தொண்டை இப்பிடிக் கட்டிக் கெடக்கே, எந்த ஊர்ப் பொங்கல்ல குலவை போட்டுட்டு வார? ஓகோ, ஏழாங்கிளாசுக்கு இங்கிலீசுப் பாடம் நடத்திட்டு வாரியா? நல்லாருக்கு. பேசச் சொல்லிக் குடுக்கப் போனவளுக்குப் பேச்சே போயிருச்சு.

என்ன கேட்ட? புளிய விளாரா? மூணு வெட்டித் தரணுமா? எதுக்கு, கோழிக்கூடு பின்னவா? "அடிக்க மாட்டேன் தாத்தா, சும்மா மேசை மேல வச்சிருப்பேன்"னு சொல்ற. சரிதான். சாரைப்பாம்பை மேசை மேல விட்டுட்டு, "அது ஒண்ணும் செய்யாது, நீங்க பாடத்தைக் கவனிங்க"ன்னு சொல்ற வாத்திச்சியை இன்னைக்குத்தான் பாக்குறேன்.

வெட்டித் தர்றதுல சிரமம் இல்ல. மரம் நம்ம மரம், அருவா எறவானத்துல இருக்கு. ஆனா நீ பரிச்சைக்குப் படிக்கையில இதே திண்ணையில ஒக்காந்துதானே கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 17ன்னு காது கிழியக் கத்துன? எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு. பிள்ளையை ஒடம்பு நோகத் தண்டிக்கவும் கூடாது, மனசு நோக வதைக்கவும் கூடாது. மொதலாவதோட நிறுத்தியிருந்தா வாத்தியாருமாருக்கு லேசாப் போயிருக்கும். ரெண்டாவதையும் சேத்து எழுதுனவன் எவனோ பள்ளிக்கூடத்துல நல்லா வாங்கிக் கட்டுனவன்தான். வாத்தியாருக்கு ரெண்டு கம்பு தாயி. கையில ஒண்ணு, வாய்க்குள்ள ஒண்ணு. கையில இருந்ததைச் சட்டம் பிடுங்கிருச்சு. வாய்க்குள்ள இருக்கிறதை எவன் பிடுங்குறது? அதுலயும் மொழி வாத்தியாருக்கு அந்த நாக்குக்குத்தான் சம்பளமே.

சரி, கோவிச்சுக்காத. ஒனக்கு என்ன வேணும்? கிளாசு கப்சிப்புன்னு இருக்கணும், அம்புட்டுத்தானே? விளாரே வேண்டாம், நான் வழி சொல்றேன். நோட்டை எடு, எழுதிக்கோ.

மொத வழி: மணி அடிச்சுப் பத்து நிமிசம் கழிச்சுப் போ. போன ஒடனே, ஒனக்கு முன்னால ரெண்டே நிமிசம் லேட்டா வந்த பயலை வெளியில நிப்பாட்டி, நேரம் பொன் போன்றதுன்னு ஒரு பாட்டம் பேசு.

ரெண்டாவது: கேள்வி கேளு, பதிலுக்குக் காத்திருக்காத. மேரி பட் ரோன்னு அமெரிக்காவுல ஒரு அம்மா, வகுப்புல நடக்கிறதைப் பதிவு பண்ணி வச்சுக் கணக்குப் பாத்துச்சாம். வாத்தியாருங்க கேள்வியைக் கேட்டுட்டுச் சுமாரா 1 வினாடிதான் பொறுக்குறாங்களாம். 3 வினாடி பொறுத்தாலே பதில் நீளுதாம், என்னைக்கும் பேசாத பிள்ளைகூட வாயைத் தொறக்குதாம். நம்ம ஊரு டவுன் பஸ்ஸுக்காரன்கூடக் கெழவி ஏற அதைவிடக் கூட நேரம் நிக்கிறான். நீ நிக்காத. நீயே கேளு, நீயே சொல்லிக்கோ, நீயே "வெரி குட்"டும் போட்டுக்கோ.

மூணாவது: முன் பெஞ்சுல எண்ணெய் வச்சுப் படியச் சீவிட்டு ஒக்காந்திருக்கிற நாலு பேரை மட்டும் கேளு. அவங்க தெரிஞ்சவங்க, பத்திரமானவங்க. பின் பெஞ்சுக்காரன் அவன் பாட்டுக்கு இருந்துட்டுப் போறான், சத்துணவுக்கு மணி அடிக்கிறதை அவன்தான் கரெக்டாச் சொல்லுவான்.

நாலாவது: எவனாவது தப்பா வாசிச்சா, அவன் வாசிச்ச மாதிரியே நீ ஒரு தடவை வாசிச்சுக் காட்டு. கிளாசே உருளும். சிரிச்சு ஓஞ்சதும் ஒரு அமைதி வரும் பாரு, அது அந்த வருசம் முழுக்கக் கலையாது.

அஞ்சாவது: நீ வெளிய போற நேரத்துல லீடரை விட்டுப் பேசுறவன் பேரை எல்லாம் போர்டுல எழுதச் சொல்லு. கணக்கு கிளாசுல எழுதுனாலும் ஒரு நியாயம் உண்டு. இங்கிலீசு கிளாசுல, பேச வைக்கிறதுக்குன்னு கெவர்மெண்டு சம்பளம் குடுத்து ஒன்னைய அனுப்பியிருக்கு. நீ போயி, "பேசுனவர்கள்"னு தலைப்புப் போட்டுக் குத்தவாளிப் பட்டியல் எழுதுற பாரு, அந்த நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

இந்த அஞ்சையும் தவறாமச் செஞ்சா மூணே மாசம். வராண்டாவுல நடந்து போற ஹெச்.எம். எட்டிப் பாத்து, "கிளாசுன்னா இப்பிடில்லா இருக்கணும்"னு மெச்சுவாரு. சுடுகாடு மாதிரி இருக்கும். சுடுகாட்டுல எவனும் இங்கிலீசு பேசி நான் கேட்டதில்ல. ஆனா அமைதிக்கு ஒரு கொறையும் இருக்காது.

சிரிக்காத. அந்த நாலாவது வழியில தேறி வந்தவன்தான் ஒன் தாத்தா.

எட்டாங்கிளாசு. காமராசர் மதியச் சோறு போட ஆரம்பிச்சிருந்த காலம். நான் பள்ளிக்கூடம் போனதுல பாதி அந்தச் சோத்துக்கு. இங்கிலீசு சாரு ஒருத்தரு இருந்தாரு. பேரு வேண்டாம், போய்ச் சேந்துட்டாரு. படிச்ச மனுசன், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில ரெண்டு பேனா. அன்னைக்கி என்னைய எழுப்பி வாசிக்கச் சொன்னாரு. ஒரு வார்த்தை வந்துச்சு. ஐ, எஸ், எல், ஏ, என், டி. தமிழ்ல எழுதியிருக்கிறதை வாசிச்சா அது சரியா இருக்கும். அந்த நம்பிக்கையில நானும் ஒரு எழுத்தைக்கூட விடாம, நேர்மையா, "இஸ்லாண்டு"ன்னு வாசிச்சேன்.

சாரு கண்ணாடியைக் கழட்டுனாரு. "இஸ்லாண்டா? அது எங்கடா இருக்கு? ஒங்கப்பன் ஆட்டுக் கெடை போடுற நாடா?"ன்னாரு. கிளாசு சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன், வேற என்ன செய்ய? அதோட விட்டாரா மனுசன்? மறுநாள் வருகைப் பதிவு எடுக்கையில என் பேரு வர வேண்டிய எடத்துல "இஸ்லாண்டு"ன்னாரு. நானும் எந்திரிச்சு "உள்ளேன் ஐயா"ன்னேன். அன்னைக்கு வச்ச பேருதான். கம்மாக்கரையில இஸ்லாண்டு, டீக்கடையில இஸ்லாண்டு, ஒங்க அப்பத்தாளைப் பொண்ணு பாக்கப் போன ஊர்லயும் "மாப்பிள்ளை யாரு, அந்த இஸ்லாண்டா?"

அதுக்கப்புறம் அந்த வருசம் முழுக்க இங்கிலீசு கிளாசுல நான் வாயையே தொறக்கலை. அவரு கண்ணுக்கு நான் தங்கமான பையன். டி.சி.யில நடத்தைங்கிற எடத்துல "நன்று"ன்னு எழுதிக் குடுத்தாரு. அதை வாங்கி மடியில வச்சுக்கிட்டு நேரா ஆட்டுக்குப் பின்னால போனவன்தான்.

அவரு அடிக்கலை தாயி. ஒரு அடிகூட அடிக்கலை. அதையும் சொல்லிறணும்.

அதே பள்ளிக்கூடத்துல தமிழய்யா ஒருத்தரும் இருந்தாரு. அவருகிட்டக் கேட்ட விசயம் இது. நன்னூல்னு இலக்கணம் இருக்கே, 13ஆம் நூத்தாண்டுல சீயகங்கன்கிற அரசன் கேட்டுக்கிட்டான்னு பவணந்தி முனிவர் செஞ்சது. அந்த மனுசன் எழுத்து இலக்கணத்துக்குள்ள கால் வைக்கிறதுக்கு முந்தியே, எவன் வாத்தியாரா இருக்கலாம், எவன் இருக்கப்படாதுன்னு பாயிரத்துல பட்டியல் போட்டுட்டாரு. ஆளு மொதல்ல, அ, ஆ பெறகுதான். இருக்கப்படாதவனுக்கு நாலு உவமை சொல்லியிருக்காரு. நாலும் நம்ம காட்டுல கெடக்கிற சாமான்.

கழற்சிக்காய் போட்ட குடம் ஒண்ணு. போட்டது ஒரு வரிசை, கவுத்தா விழுகுறது வேற வரிசை. திங்கக்கிழமை வினைச்சொல்லு நடத்திட்டு, செவ்வாக்கிழமை கடிதம் எழுதச் சொல்லி, புதன்கிழமை "நேத்து எங்க விட்டோம்?"னு பிள்ளைகிட்டயே கேக்குறாரே, அவருதான்.

ரெண்டாவது மட்டை கழிக்காத பனை. தானா விழுந்தா பழம் உண்டு, ஏறிப் பறிக்கப் போனா நெஞ்சைக் கிழிச்சிரும். பெரிய படிப்பாளியா இருப்பாரு. சந்தேகம்னு கிட்டப் போனா, "இதுகூடத் தெரியலையா?"ன்னு ஒரு கருக்கு. பெறகு எந்தப் பிள்ளை ஏறும்?

மூணாவது பஞ்சு அடைச்ச குடுக்கை. கொஞ்சங் கொஞ்சமா அடைச்சதைக் கொஞ்சங் கொஞ்சமா நோண்டித்தான் எடுக்கணும். இந்தக் காலத்துல அதுக்குக் கைடுன்னு பேரு. இவரு கைடைப் பாத்து அடைக்கிறாரு, பிள்ளை பரிச்சையில நோண்டி எடுக்குது, பரிச்சை முடிஞ்சா ரெண்டு பக்கமும் காலி.

நாலாவதுதான் ஒசத்தி. கோணத் தென்னை. ஒருத்தன் தண்ணி ஊத்துவான், அது வளைஞ்சு போயி அடுத்தவன் தோட்டத்துல காயைப் போடும். காலையில கெவர்மெண்டு தண்ணி ஊத்துது. சாயங்காலம் டியூசன் சென்டர்ல காய் விழுகுது. வகுப்புல "இது ரொம்ப முக்கியம், சாயங்காலம் விளக்கமாச் சொல்றேன்"ங்கிறது. சாயங்காலம் வந்தவனுக்குத்தான் அந்தக் கேள்வி பரிச்சையில சிரிச்சுக்கிட்டு நிக்கும். ஒன் சட்டத்துல 28ஆவது பிரிவு அதைத்தான் கூடாதுங்குது, நீதான் படிச்ச. பவணந்தி எத்தனையோ நூறு வருசத்துக்கு முந்தியே தென்னையைக் காட்டிச் சொல்லிட்டாரு. தென்னைக்குப் புரிஞ்சிருக்கும்.

இதுல ஒரு வேடிக்கை கேளு. அதே பாயிரத்துல மாணாக்கன் எப்பிடின்னும் ஒரு பட்டியல் இருக்கு. அன்னம், பசு ஒசத்தி. மண்ணு, கிளி நடுத்தரம். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை கடைசி. நான் பாத்த வாத்தியாருமாரு எல்லாருக்கும் இந்த ரெண்டாவது பட்டியல் தண்ணி பட்ட பாடு. "எருமை, பன்னாடை"ன்னு கூப்பிடாத நாளில்ல. மொதப் பட்டியலைக் கேட்டா மட்டும், "அது சிலபசுல இல்ல"ம்பாங்க.

நல்லாசிரியனுக்கும் நாலு சொல்லியிருக்கு. நெலம், மலை, தராசு, பூவு. எனக்கு அதுல தராசுதான் பிடிக்கும், ஏன்னா அதை நான் கண்ணால பாத்திருக்கேன். ஒரு காலாண்டுப் பரிச்சையில தமிழய்யா எனக்கு 36க்குப் பதிலா 26 போட்டுட்டாரு. கூட்டல் பிசகு. நான் பயந்துக்கிட்டுச் சொல்லலை. அவரே வீட்டுல போயித் திரும்பக் கூட்டிப் பாத்திருக்காரு. மறுநாள் எல்லாருக்கும் முன்னால என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "கூட்டுனது நானு, தப்பு என்னுது"ன்னு பேப்பர்ல திருத்திக் கையெழுத்தும் போட்டுக் குடுத்தாரு. எனக்குக் கெடைச்சது 10 மார்க்கு. அந்தக் கிளாசுக்குக் கெடைச்சதை எதால கூட்டுறது? அதுக்கப்புறம் அந்த மனுசன் "இந்த வரி தப்புடா"ன்னு சொன்னா எவனுக்கும் சுருக்குன்னு தைக்கலை. தன் தப்பைச் சொன்ன வாயாச்சே, நம்ம தப்பைச் சொல்லிட்டுப் போகட்டும்னு இருந்தோம்.

இப்ப நீ மொகத்தைச் சுளிக்கிற. "தாத்தா, பழைய கதை பேசுறீங்க, எங்களுக்கு பி.எட்.ல வகுப்பறை மேலாண்மைன்னு தனிப் பாடமே இருக்கு"ங்கிற. இருக்கே. அந்தப் புத்தகத்தை நீ பரிச்சை முடிஞ்ச அன்னைக்கே இந்தத் திண்ணையில போட்டுட்டுப் போயிட்ட. நீ படிச்சியோ என்னமோ, நான் படிச்சேன். ஜேக்கப் கூனின்னு ஒருத்தரு, 1970ல புத்தகம் போட்டிருக்காரு. காலேசுல பாடம் நடத்தையில, ஒரு பையன் பேப்பர் விரிச்சுப் படிச்சிக்கிட்டு இருந்தானாம். இவரு அவனை அதட்டவும், ஒண்ணுமே செய்யாத மத்த பிள்ளைகளும் தலையைக் குனிஞ்சுக்கிருச்சாம். ஒருத்தனைத் திட்டுனா ஊருக்கே ஏன் வலிக்குதுன்னு யோசிச்சிருக்காரு. சரி, எப்பிடித் திட்டுனா கிளாசு அடங்கும்னு வருசக் கணக்கா வகுப்பு வகுப்பாப் பாத்தா, எப்பிடித் திட்டுனாலும் பெரிசா ஒரு வித்தியாசமும் இல்லையாம்! நல்ல வாத்தியாருக்கும் மத்தவருக்கும் வித்தியாசம், கொழப்பம் வாரதுக்கு முந்தி அவரு என்ன செய்யுறாருங்கிறதுலதான் இருக்காம். யாரு என்ன செய்யுறாங்கன்னு அவருக்குத் தெரியுது, அவருக்குத் தெரியுதுன்னு பிள்ளைகளுக்கும் தெரியுது. அதுக்கு அவரு வாய்க்குள்ள நுழையாத ஒரு பேரு வச்சிருக்காரு. நாங்க அதை முதுகுல கண்ணுன்னு சொல்லுவோம்.

இதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவா? என்கிட்ட ஒரு நாள் ஆடு மேய்க்க வந்திருந்தா சொல்லியிருப்பேன். வெள்ளாமைக்குள்ள வாயை வச்ச பெறகு கல்லை விட்டு எறியுறவன் மேய்ப்பன் இல்ல. எந்த ஆடு கழுத்தைத் திருப்புதுன்னு பாத்து, அது போறதுக்குள்ள ஒரு "ஏய்" போடுறவன்தான் மேய்ப்பன். முன்னால போற மூக்கறுத்தான் கெடாவையும் பாக்கணும், பின்னால நொண்டுற குட்டியையும் பாக்கணும், நடுவுல நின்னு வழிப்போக்கனுக்கு வழியும் சொல்லணும். கையில வச்சிருக்கமே தொரட்டி, அதை ஆட்டை அடிக்கன்னு நெனச்சியா? கருவேலங் கொப்பை வளைச்சு நெத்து உலுக்க. எட்டாத எலையை எட்ட வைக்க. தீனி வயித்துக்குப் போற ஆடு எங்கிட்டும் ஓடாது. ஒன் கிளாசு ஓடுதுன்னா, கம்பைத் தேடாத, கொப்பைப் பாரு. அம்பது பிள்ளைக்கும் எட்டுற மாதிரி வளைச்சியா, இல்ல முன் பெஞ்சு ஒசரத்துக்கு மட்டுமா?

ஒன் கஷ்டமும் தெரியும். சட்டத்துல ஆறுல இருந்து எட்டு வரைக்கும் 35 பிள்ளைக்கு ஒரு வாத்தியாருன்னு போட்டிருக்கு, ஒன் ரூம்புல 52. பாடம் நடத்துற நேரத்துல எமிஸ்னு கெவர்மெண்டு வச்சிருக்கிற தளத்துல எதையாவது ஏத்தச் சொல்றாங்க, சிக்னல் வேற கெடைக்காது. ஒத்துக்கிறேன். ஆனா சிக்னல் இல்லாத கோவத்தைக் கடைசி பெஞ்சு மேல காட்டுனா டவர் வந்துருமா?

இன்னொண்ணு. மத்த வாத்தியாருமாருக்கு இல்லாத பாடு மொழி வாத்தியாருக்கு உண்டு. கணக்கை வாயை மூடிக்கிட்டே போட்டுறலாம், தப்பானா அழிச்சிட்டுப் போட்டா எவனுக்கும் தெரியாது. மொழியில தப்பை வாயைத் தொறந்து நாலு பேரு கேக்கத்தான் செய்யணும், வேற வழியே இல்ல. அந்தப் பயத்தை அளக்க, 1986ல ஹார்விட்சுன்னு ஒரு அம்மாவும் கூட ரெண்டு பேரும் சேந்து 33 வாசகம் எழுதி வச்சிருக்காங்கன்னு ஒன் புத்தகத்துல பாத்தேன். அந்நிய மொழி வகுப்புல கூப்பிட்டா நெஞ்சு அடிச்சுக்கிறது, மத்தவன் சிரிப்பானோன்னு பயப்படுறது, இதையெல்லாம் அதுல கேக்குறாங்க. என்கிட்டக் கேட்டிருந்தா ஒத்த வார்த்தையில சொல்லியிருப்பேன்: இஸ்லாண்டு.

அப்ப தப்பைத் திருத்தாம விட்டுறவான்னு கேப்ப. விடாத. ஒங்கப்பன் சின்னப் பிள்ளையில "அப்பா தோத்தத்துக்குப் போத்து"ன்னு சொல்லுவான். ஒங்க அப்பத்தா, "ஆமாய்யா, அப்பா தோட்டத்துக்குப் போயிருக்காரு"ன்னு நேராக்கிச் சொல்லிட்டு வேலையைப் பாப்பா. கொட்டு கெடையாது, கேலி கெடையாது. இதையும் ஆராய்ஞ்சிருக்காங்க. கனடாவுல பிரெஞ்சு சொல்லிக் குடுக்கிற வகுப்புகளைப் பாத்து லிஸ்டர், ரான்டான்னு ரெண்டு பேரு 1997ல எழுதியிருக்காங்க. வாத்தியாருங்க அதிகமாச் செய்யுறது ஒங்க அப்பத்தா வேலைதானாம். ஆனா பல நேரம் அது திருத்தம்னே பிள்ளைக்குத் தெரியாமப் போயிருதாம். ஒரு கோடு காட்டி, அவனையே திரும்பச் சொல்ல விட்டா நல்லா ஒட்டுதாம். ஆக, கெழவி செஞ்சது பாதிதான் சரி. இதை அவகிட்ட நீ போயிச் சொல்லு, நான் சொல்ல மாட்டேன். எனக்கு ராத்திரிக் கஞ்சி வேணும்.

அப்புறம் கட்டுரை நோட்டு. கணக்கு நோட்டுல பிள்ளையோட வீடு தெரியாது. "என் குடும்பம்"னு நீ எழுதச் சொல்ற பாரு, அதுல அப்பன் குடிக்கிறது, ஆத்தா அடி வாங்குறது, அடுப்பு எரியாதது எல்லாம் எழுத்துப் பிழையோட வந்து நிக்கும். நீ எழுத்துப் பிழையை மட்டும் செவப்பு மையில சுழிச்சுட்டு, மிச்சத்தை ஸ்டாப் ரூம்புல காபிக்குக் கடிச்சுக்கிற முறுக்கா ஆக்கிறாத. பிள்ளை ஒன்னைய நம்பி எழுதுனது. ஆபத்துன்னு தெரிஞ்சா ஹெச்.எம்.கிட்டச் சொல்லு, 1098க்குப் போன் போடு. இல்லாட்டி ஒன் வயித்துலயே வச்சுக்கோ. பிள்ளை வீட்டுல பேசுற பேச்சைக் கேட்டு, "இதெல்லாம் ஒரு பேச்சா"ன்னும் சொல்லிறாத. நீ இப்ப என்கிட்டப் பேசுறதும் அந்தப் பேச்சுதான்.

போன மாசம் ஒரு படிவம் எடுத்துட்டு வந்து, "மாணவர் மனநிறைவு"ன்னு பிள்ளைககிட்ட டிக் அடிக்கச் சொல்லப்போறேன்ன. அடிக்கச் சொல்லு. ஆனா ஒரு கதை தெரிஞ்சு வச்சுக்கோ. ஒன் தம்பி செல்லுல காட்டுனான். அமெரிக்காவுல டாக்டர் ஃபாக்சுன்னு ஒரு ஆளை மேடை ஏத்தி, படிச்ச டாக்டருமாருக்கும் வாத்தியாருமாருக்கும் சொற்பொழிவு ஆத்தச் சொல்லியிருக்காங்க. ஆளு டாக்டரும் இல்ல ஒண்ணும் இல்ல, நடிகன். அர்த்தமில்லாம, முன்னுக்குப் பின் முரணா, ஆனா நல்லாச் சிரிக்கச் சிரிக்கப் பேசச் சொல்லிப் பழக்கி விட்டிருக்காங்க. கேட்டவங்க படிவத்துல "அருமை, சிந்திக்கத் தூண்டுச்சு"ன்னு எழுதிக் குடுத்திருக்காங்க! 1973ல அதைக் கட்டுரையாவே போட்டுட்டாங்க. நம்ம ஊர்ல அதுக்குத் தேர்தல் கூட்டம்னு பேரு, நாம கட்டுரை போடுறதில்ல.

அதுனால டிக்கைப் பாத்து மயங்கிறாத. கடலை மிட்டாய் குடுத்தா எந்தப் பிள்ளையும் டிக் அடிக்கும். கோயில்பட்டிக்குப் பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு இதை நான் ஒனக்குச் சொல்லணுமா? நெறைவுங்கிறது வேற தாயி, அது தாமசமா வரும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைன்னு ஒருத்தரு, 1876ல காலமாயிட்டாரு. நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவரு மாணாக்கருதான், கிறித்தவரான சவராயலு நாயக்கரும் அவரு மாணாக்கருதான். தராசு அப்பிடி. அவருகிட்டப் படிச்ச உ.வே.சாமிநாதையரு, குரு போயி அரை நூத்தாண்டுக்கு மேல ஆன பெறகு, 1933லயும் 34லயும் அவரு சரித்திரத்தை ரெண்டு பாகமா எழுதிப் போட்டாரு. தனக்கே எழுவத்தஞ்சு தாண்டிருச்சு, அப்பவும் வாத்தியாரைப் பத்தி எழுதித் தீரலை. அதுதான் படிவம். அதுல டிக் அடிக்கக் கட்டமே கெடையாது.

நான் எழுதுனா எங்க இங்கிலீசு சாருக்கு அரைப் பக்கம் தேறும். தமிழய்யாவுக்கு நோட்டு பத்தாது. ரெண்டு பேரும் ஒரே சம்பளம்தான் வாங்குனாங்க. அவரு கிளாசு அமைதியா இருக்கும், இவரு கிளாசுல போடுற சத்தம் கம்மாக்கரை வரைக்கும் கேக்கும்.

பொழுது சாஞ்சிருச்சு, கடைசியா ஒண்ணு. போன பொங்கலுக்கு வந்தப்ப நீயே ஒரு விசயம் சொன்ன, ஞாபகம் இருக்கா? அந்த ஐலண்டுங்கிற வார்த்தையில எஸ் ஆதியிலயே கெடையாதாம். பழைய இங்கிலீசுல வேற மாதிரி எழுதிக்கிட்டு இருந்தவங்க, லத்தீன்ல இருந்து வந்த வேற ஒரு வார்த்தைக்கு இதைச் சொந்தம்னு தப்பா நெனச்சு, நடுவுல ஒரு எஸ்ஸைச் சொருகி விட்டுட்டாங்களாம். சொருகுனவங்க எல்லாம் படிச்சவங்களாம். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை தாயி. படிச்சவன் பண்ணுன தப்பை நான் எழுத்து விடாம வாசிச்சேன், பட்டப்பேரு எனக்கு வந்துச்சு. சாருக்கும் தெரிஞ்சிருக்காது, பாவம். தெரியாததை ஒத்துக்கிட்டுச் சேந்து சிரிச்சிருந்தா அந்தக் கிளாசே வேறயா இருந்திருக்கும்.

விளார் கெடையாது, போ. வேணும்னா அந்தத் தொரட்டியை எடுத்துட்டுப் போ, பஸ்ஸுல ஏத்த மாட்டான். திங்கக்கிழமை கிளாசுல எவனாச்சும் எந்திரிச்சு "இஸ்லாண்டு"ன்னு வாசிச்சான்னா, அந்த எஸ் கதையை அவனுக்குச் சொல்லு, அப்புறம் திரும்ப வாசிக்கச் சொல்லு. வருகைப் பதிவுல அவன் பேரு என்னவோ, அதையே சொல்லிக் கூப்பிடு.

எங்க, என் பேரைச் சொல்லு பாப்பம். என்ன முழிக்கிற? ஊரு கூப்பிடுற பேரைக் கேக்கலை, எங்க ஆத்தா வச்ச பேரைக் கேக்குறேன். ஒங்கப்பன் பேருக்கு முன்னால ஒரு எஸ் நிக்குதுல்ல? அதுதான் நானு. என்னைக்காவது அது சத்தம் போட்டு நீ கேட்டிருக்கியா? போயி ஒங்கப்பன்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கோ. அவனும் யோசிப்பான். 3 வினாடி பொறு.